ஊசி ஏறாத வான்

வான் விக்கத் தொடங்கியது வயல் வீதியின் வளைவில். வியாழக்கிழமை பள்ளி விட்டதும் நானாட்டான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பிரேமிளா வாய்க்கால் மதகைத் தாண்டியபோது எஞ்சின் ஒருமுறை இடறியது. அதற்குப் பிறகு அது நேராகவே ஓடவில்லை. இடறுவதும் எழும்புவதுமாக வான் முழுவதும் நடுங்கியது. பின்னால் இருந்த சின்னதுகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

"அன்ரி, வானுக்கு விக்கல்! தண்ணி குடுங்கோ!"

"தண்ணி இல்லையடி, முதுகில ஒரு தட்டுத் தட்டோணும்."

பிரேமிளா சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கின் நடுக்கம் அவளுடைய தோள்வரை ஏறிக்கொண்டிருந்தது. பிள்ளைகளை ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் இறக்கிவிட்டு, தன் வளவுக்குள் வானைக் கொண்டுவந்து நிறுத்தினாள். அடுத்த வளவில் உழவு இயந்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்த சிவரூபன் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான். அவன் அவளுடைய கணவன் நிரோஷனின் அண்ணன்.

"மிஸ் அடிக்குது போல," என்றான்.

"ஓம் அத்தான். பிளக்கைக் கழட்டித் துடைச்சுப் பாக்கப் போறன்."

"பிளக் இல்லைப் பிள்ளை. இது உள்ளுக்க. எஞ்சின் போட்டுது. இனி ஸ்டார்ட் பண்ணாத, இருக்கிறதும் போயிடும்."

வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி, ஆசனத்தைத் தூக்கி எஞ்சினை ஒருமுறை பார்க்காமலே, அது போய்விட்டதென்று இவனுக்கு எப்படித் தெரிந்தது? பிரேமிளாவின் மனதில் முதல் முள் அங்கேதான் தைத்தது.

அந்த வான் வருவதற்கு முன் அவள் மற்றவர்களின் வயலில் களை பிடுங்கினாள். அவளுடைய அப்பா மலைநாட்டிலிருந்து கலவரத்துக்குப் பயந்து வந்து இந்தக் காட்டோரத்தில் குடியேறிய நாளிலிருந்து, அவர்கள் குடும்பத்தில் எல்லோரும் அடுத்தவன் வயலில் குனிந்தவர்கள்தான். நிரோஷன் டோகாவுக்குப் போவதற்கு முன் அந்தப் பழைய பெற்றோல் வானை வாங்கி, அவளுக்கு ஓட்டவும் பழக்கிவிட்டுப் போனான். கிழமை நாட்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், சனி ஞாயிறில் மடுவுக்குப் போகிறவர்கள், இடைக்கிடை விடத்தல்தீவில் ஒரு கலியாணம் என்று வானும் அவளும் ஓடிக்கொண்டிருந்தார்கள். வான் போனால் மறுபடியும் சேற்றில் இறங்க வேண்டும். அது அவளுக்குத் தெரியும். சிவரூபனுக்கும் தெரியும்.

வானைப் பூட்டித் திறக்கவும் எஞ்சினை எழுப்பவும் இரண்டு திறப்புகள் இருந்தன. ஒன்று பிரேமிளாவிடம். மற்றது, ஆபத்து அவசரத்துக்கு என்று, நிரோஷன் தன் அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அந்த இரண்டாவது திறப்பை நினைத்தால் அவளுக்கு எப்போதும் முதுகு கூசும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மாரியம்மன் கோயிலுக்குப் போனாள். பெரியசாமிப் பூசாரி இரண்டு தேசிக்காய்களையும் ஒரு மஞ்சள் கிழங்கையும் சிவப்புத் துணியில் இறுக்கிக் கட்டி அம்மன் காலடியில் வைத்து எடுத்துத் தந்தார்.

"கண்ணூறுதான் பிள்ளை. வானுக்கு உயிர் எங்க இருக்கோ அங்க கட்டு. முன்னுக்குத் தொங்கவிடுவியோ?"

"முன்னுக்குக் கட்டினா அத்தான் விடமாட்டார் ஐயா."

பூசாரி சிரித்தார். ஊருக்கே தெரிந்த கதை அது. சிவரூபன் ஜெபக் கூட்டத்தில் சேர்ந்த பிறகு, வானின் முன்பக்கம் தொங்கிய தேசிக்காயையும் மிளகாயையும் இரண்டு தரம் கத்தியால் அறுத்து வாய்க்காலில் எறிந்துவிட்டான். கேட்டதற்கு, "பிசாசுக்குக் கடை திறந்து வச்சிருக்கிறியோ?" என்றான்.

"அப்ப ஒருத்தற்ற கண்ணிலயும் படாத இடத்தில வை," என்றார் பூசாரி.

வானுக்கு உயிர் எங்கே இருக்கிறது? பிரேமிளா சாரதி ஆசனத்தில் இருந்து யோசித்தாள். கால் அமர்த்தும் இடத்தில்தானே வான் உயிர் பெற்று உறுமுகிறது. குனிந்து, அக்சிலேட்டருக்குப் பின்னால், கால்மிதிக் கம்பளத்தின் மேல்விளிம்புக்குள் பொட்டலத்தைச் செருகி வைத்தாள். வான் சுகமாகும் வரைக்கும் எப்படியும் ஓட்டப்போவதில்லை. சுகமான பிறகு எடுத்து ஆசனத்துக்குக் கீழே வைத்துவிடலாம்.

மறுநாள் காலை சிவரூபன் உழவு இயந்திரத்தில் கயிற்றைக் கட்டி வானை இழுத்தான். பிரேமிளா வானுக்குள் இருந்து ஸ்டியரிங்கைப் பிடித்து, வேண்டிய இடத்தில் பிரேக்கை மட்டும் மிதித்தாள். முருங்கன் சந்தியில் இரண்டு கராஜ்கள் திறந்திருந்தன. உழவு இயந்திரம் எதிலும் நிற்கவில்லை. தள்ளாடிச் சந்தியும் கழிந்து, கடலுக்கு நடுவே போகும் பாலத்திலும் ஏறியது. பக்கவாட்டில் அடித்த சோளகக் காற்று வானை உலுக்க, அவள் ஸ்டியரிங்கை இறுக்கிக்கொண்டு முன்னால் தெரிந்த சிவரூபனின் முதுகையே பார்த்தாள். கிட்ட இரண்டு கராஜ் இருக்க, இவன் ஏன் மன்னார்த் தீவுக்கு இழுக்கிறான்?

மன்னார்ப் பட்டினத்தில் காமிலின் கராஜ் முன் இறங்கியபோது விடை அடுத்த வளவிலேயே நின்றது. பழைய வாகனங்களை உடைத்துப் பாகங்களாக விற்கும் வளவு அது. கதவில்லாத கார்களும் சில்லில்லாத லொறிகளும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. அதன் முதலாளி றொகான் வேலி இடைவெளியால் வந்து சிவரூபனின் தோளில் கை போட்டான்.

"இதுதானோ சிவா?"

"இதுதான்."

"எது இதுதான்?" என்று பிரேமிளா கேட்டாள். இரண்டு பேரும் அவளைப் பார்த்துவிட்டு வேறெங்கோ பார்த்தார்கள்.

காமில் நிழலில் நின்ற கழுதைகளை ஒரு துணியால் விசுக்கி விரட்டிவிட்டு வானை உள்ளே தள்ளச் சொன்னார். குட்டையான, எந்நேரமும் எதையாவது முணுமுணுக்கும் மனிதர்.

"கம்ப்ரஷன், உள்ளுக்க காத்து எவ்வளவு இறுகுது எண்டு பாத்தாத்தான் சொல்லலாம். தங்கச்சி, ஏறி இருந்து திறப்பைத் திருப்பிச் செல்ஃப் அடிக்கிறீங்களோ?"

"நான் அடிக்கிறன்," என்று சிவரூபன் முந்திக்கொண்டான். "நீ போய் அந்த நிழலில இரு பிள்ளை. வெயில்ல வந்தனி."

அவன் இப்படிக் கரிசனமாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. பிரேமிளா விலகிப் போய் வேப்பமரத்தடியில், விரட்டப்பட்ட கழுதைகளுக்குப் பக்கத்தில் நின்றாள்.

காமில் இடப்பக்க ஆசனத்தைத் தூக்கி எஞ்சினைத் திறந்தார். நாலு பிளக்குகளையும் கழற்றினார். முதல் ஓட்டைக்குள் ஒரு குழாயைத் திருகினார். குழாயின் நுனியில் கைக்கடிகாரம் போல வட்டமான ஒரு கேஜ் இருந்தது. "அமத்திக்கொண்டு அடியுங்கோ!" என்று கத்தினார்.

"அமத்தியாச்சு!" என்றது சிவரூபனின் குரல்.

பிளக் இல்லாத எஞ்சின் கிர் கிர்ரென்று வெறுமையாகச் சுற்றியது. காமில் கேஜைப் பார்த்தார். அதைத் தட்டிவிட்டு மறுபடியும் பார்த்தார். சோக்கட்டியால் வானின் கதவில் ஓர் இலக்கம் எழுதினார். அடுத்த ஓட்டை, அடுத்த இலக்கம். நாலும் முடிந்ததும் தலையைச் சொறிந்தார்.

"நூற்றறுபது காட்டவேண்டிய இடத்தில ஒண்டும் எண்பதைத் தாண்டேல்ல. மூண்டாவது அதிலும் கீழ."

"அப்ப எஞ்சின் முடிஞ்சுது," என்று சிவரூபன் கீழே இறங்கினான்.

"முடிஞ்ச மாதிரித்தான். ஆனா நாலும் ஒரேயடியா..." காமில் எதையோ சொல்லத் தொடங்கினார். அதற்குள் றொகான் வானைச் சுற்றி வந்து, சில்லை உதைத்து, "திங்கக்கிழமை இழுத்துக்கொள்ளுறன்" என்றான். காமிலின் மிச்சப் பேச்சு அவருடைய வாய்க்குள்ளேயே போய்விட்டது.

அன்றிரவு நிரோஷன் போனில் வந்தான். முகம் களைத்திருந்தது.

"அண்ணன் எல்லாம் சொன்னவன். எஞ்சின் இல்லாத வானை வச்சு என்ன செய்யப் போறாய்? குடுத்திடுவம்."

"முருங்கனில கராஜ் இருக்க ஏன் மன்னாருக்கு இழுத்தவர் எண்டு கேட்டனீங்களோ?"

"அவனுக்குத் தெரிஞ்ச மெக்கானிக் ஆக்கும்."

"மெக்கானிக்கோ, உடைக்கிறவனோ?"

"பிரேமி, அவன் என்ர அண்ணன்."

அவள் போனை வைத்தாள். மாமி, நிரோஷனின் அம்மா அருளம்மா, சோற்றுக் கோப்பையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "மூத்தவன் பொய் சொல்லமாட்டான் பிள்ளை. கூட்டத்தில சேந்த நாளில இருந்து தேத்தண்ணிக்குக்கூட ஒளிச்சுச் சீனி போடுறதில்ல," என்றாள்.

படுத்தும் பிரேமிளாவுக்கு அந்த எண்பதுதான் கண்ணுக்குள் நின்றது. நாலு சிலிண்டரும் பாதிக்குப் பாதி விழுந்த எஞ்சின் எப்படி இருக்கும்? காலையில் பிடிக்க எவ்வளவு பாடுபடும்? மாதா கோயில் வீதி எமிலின் வான் அப்படித்தான். நாலு பேர் தள்ளினால்தான் உறுமும், பின்னால் நீலப் புகை கக்கும். இவளுடைய வானோ வியாழன் காலையில்கூடத் திறப்பைத் திருப்பியவுடன் பிடித்தது. புகை இல்லை. ஒயில் குறையவில்லை. காலையில் நன்றாகப் பிடித்த எஞ்சின், இரண்டு நாள் கழித்து நாலு சிலிண்டரும் ஒன்றாகச் செத்துப்போகுமா? யாரோ பொய் சொல்கிறார்கள். கேஜ் பொய் சொல்ல வேண்டும், அல்லது காமில், அல்லது செல்ஃப் அடித்தவன்.

ஞாயிற்றுக்கிழமை சிவரூபன் ஜெபக் கூட்டத்துக்குப் போன நேரம் பார்த்து அவள் மன்னார் பஸ்ஸில் ஏறினாள்.

காமில் கராஜ் வாசலில் மீன் சுற்றிய பையோடு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் பையை ஆணியில் மாட்டினார்.

"காமில் நானா, ஒண்டு கேக்கலாமோ? அந்தக் கேஜ் பழுதோ?"

"கேஜோ? நேத்துப் பின்னேரம் ஒரு காருக்கு அதே கேஜாலதான் பாத்தனான். சரியாத்தான் காட்டினது."

"அப்ப நாலும் எப்படி ஒண்டா விழும்?"

காமில் அவளை ஒரு தரம் உற்றுப் பார்த்தார். "அதைத்தான் நானும் யோசிச்சனான். வழக்கமா ஒண்டு விழும். பக்கத்துப் பக்கத்து ரெண்டு விழுந்தா கஸ்கட் பழுது. நாலும் சரிக்குச் சரி விழுந்தா, எஞ்சின்ல குறையோ, பாத்த விதத்தில குறையோ எண்டு பாக்கோணும். அந்த றொகான் விட்டாத்தானே."

"பாத்த விதத்தில எண்டா?"

"அக்சிலேட்டரைத் தரைமட்டும் அமத்திக்கொண்டுதான் செல்ஃப் அடிக்கோணும். அமத்தாட்டி எஞ்சினுக்குக் காத்துப் போற வாசல் பூட்டு. மூக்கைப் பொத்திக்கொண்டு பலூன் ஊதச் சொன்னா ஊதலாமோ? ஊசி ஏறாது."

"அத்தான் அமத்தினவரோ?" என்று பிரேமிளா கேட்டாள்.

"நான் இந்தப் பக்கம் குனிஞ்சு நிண்டனான் தங்கச்சி. அவற்ற கால் எனக்குத் தெரியாது. 'அமத்தியாச்சு' எண்டார். நம்பினனான்."

அவளுக்கு எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திவிட்டது. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது, முருங்கனைத் தாண்டி இழுத்தது, வெயிலில் வந்தாய் என்று நிழலுக்கு அனுப்பியது. பொய்க்கு ஒரு கால் போதும். அமர்த்தாமல் சும்மா வைத்திருந்தால் போதும்.

"இப்ப திரும்பப் பாருங்கோ நானா. நான் அடிக்கிறன்."

"வானைக் கொண்டுவந்து விட்டவர் அவர். அவர் இல்லாம நான் தொடமாட்டன். பிறகு, நான் ஏதோ கழட்டிப்போட்டன் எண்டு ஒரு கதை வரும். போன் எடுத்துச் சொல்லுறன், வரட்டும்."

கூட்டம் முடிந்த கையோடு சிவரூபன் வெள்ளைச் சேட்டோடு, கக்கத்தில் வேதாகமத்தோடு, மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். றொகானும் பல் குத்திக்கொண்டு வேலியால் வந்தான். எல்லோரும் தன் பக்கம் திரும்பும்வரை பொறுக்க பிரேமிளாவால் முடியவில்லை.

"அத்தான், நேத்து நீங்கள் அக்சிலேட்டரை அமத்தேல்ல."

"என்ன கதை இது?"

"அமத்தாம அடிச்சுப்போட்டு அமத்தியாச்சு எண்டனீங்கள். வானை இவருக்கு விக்கிறதுக்கு."

கழுதை ஒன்று தலையை ஆட்டியது. சிவரூபனின் முகத்தில் இரத்தம் ஏறியது. அவளைவிட ஒரு முழம் உயரமான மனிதன். கையை ஓங்குவானோ என்று அவள் ஓர் அடி பின்னால் வைத்தாள். ஓங்கவில்லை.

"தம்பி பெண்சாதி எண்டு பாக்கிறன்," என்றான். "தரைமட்டும் அமத்தினனான். நான் ஏறின நேரம் தொட்டு இறங்கினமட்டும் காலை எடுக்கேல்ல. ஏறு. நீயே அடி. ஊசி அதிலதான் நிக்கும். பிறகு என்ர முகத்தில முழிக்காத."

காமில் ஆசனத்தைத் தூக்கிப் பிளக்குகளைக் கழற்றினார். பிரேமிளா ஏறி இருந்து, திறப்பைப் போட்டு, வலது காலை அக்சிலேட்டரில் வைத்து அமர்த்தினாள்.

கால் இறங்கவில்லை.

கொஞ்சம் போய் எதிலோ முட்டி நின்றது. இன்னும் பலமாக அமர்த்தினாள். கீழே ஏதோ மெத்தென்று நசுங்கிப் பிறகு கெட்டியாக நின்றது. சிவப்புத் துணி. தேசிக்காய். மஞ்சள் கிழங்கு.

"என்ன தங்கச்சி, அமத்தியாச்சோ?"

அமத்தியாச்சு என்றுதான் அவளுக்கும் நாக்கில் வந்தது. எவருக்கும் அதுதான் வரும். கால் இதற்கு மேல் போகாதபோது, இதுதான் தரை என்று நினைப்பார்கள். உழவு இயந்திரத்தில் கையால் அக்சிலேட்டர் இழுத்துப் பழகியவனுக்கு, இந்த வானின் பெடல் எவ்வளவு தூரம் இறங்கும் என்று எப்படித் தெரியும்?

"பொறுங்கோ நானா, செருப்பு மாட்டிட்டுது."

குனிந்தாள். பொட்டலத்தை உருவி, சால்வைத் தலைப்புக்குள் சுருட்டி, மடியில் வைத்துக்கொண்டாள். மறுபடியும் காலை வைத்தாள். பெடல் ஒரு தடையும் இல்லாமல் தரையைத் தொட்டது.

"அமத்தியாச்சு."

எஞ்சின் சுற்றியது. காமில் கேஜைப் பார்த்தபடி ஒரு சீழ்க்கை அடித்தார். "நூற்றறுபத்தஞ்சு!" சனிக்கிழமை எழுதிய சோக்கட்டி இலக்கத்தைக் கையால் அழித்துவிட்டுப் புதியதை எழுதினார். இரண்டாவதும் அப்படியே ஏறியது. மூன்றாவதில் ஊசி அறுபதில் சோர்ந்து நின்றது. நாலாவது மறுபடியும் நூற்றறுபதைத் தாண்டியது.

"மிஸ் அடிக்கிறவர் இவர்தான்," என்று காமில் மூன்றாவது ஓட்டையைத் தட்டினார். ஒயில் கானை எடுத்து அதற்குள் கொஞ்சம் விட்டார். "இன்னொருக்கா அடியுங்கோ."

அடித்தாள். ஊசி அறுபதிலேயே கிடந்தது.

"றிங் தேஞ்சிருந்தா ஒயில் போய் அடைச்சு ஊசி ஏறியிருக்கும். ஏறேல்ல. பக்கத்து ரெண்டும் நல்லா நிக்குது, அப்ப கஸ்கட்டும் இல்லை. வால்வுதான் சரியா மூடுறேல்ல. ஹெட்டைக் கழட்டி வால்வைத் தேய்ச்சு இருத்தினா இன்னும் பத்து வருசம் ஓடும். எஞ்சினுக்கு ஒண்டும் இல்லை."

எல்லோரும் சிவரூபனைப் பார்த்தார்கள்.

"சிவா," என்று றொகான் பல்குச்சியை வெளியே எடுத்தான், "நேத்து உன்ர காலுக்கு நித்திரையோ?"

சத்தியம் செய்வது பாவம் என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிகிற சிவரூபன், வேதாகமத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ஆண்டவர் அறிய அமத்தினனான். என்ர பிள்ளையள் அறிய," என்றான். ஒருவரும் நம்பவில்லை என்பது அவனுக்கே தெரிந்தது.

பிரேமிளா மடியில் கையை வைத்திருந்தாள். வான் பிழைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்தால், இனி இந்த வானைப் பற்றி இவன் ஒரு சொல் சொல்ல முடியாது. நிரோஷனும் கேட்கமாட்டான். மாமிகூடக் கேட்கமாட்டாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் இதுதானே?

துணிக்குள் ஈரமாக இருந்தது. மடிக்குள்ளேயே முடிச்சைத் தளர்த்திப் பார்த்தாள். இரண்டு தேசிக்காய்களும் ஒரு பக்கம் பிளந்து, விதை பிதுங்கிக் கிடந்தன. ஒன்றில் பெடலின் அடி பதிந்தது போல ஒரு தட்டை அடையாளம். வெடிப்பின் ஓரங்கள் காய்ந்து கறுத்திருந்தன. அது அவள் இப்போது அமர்த்தியதில் வெடித்தது இல்லை. மஞ்சள் கிழங்கு மட்டும் அசையாமல் இருந்தது. இந்த மனிதன் அன்றைக்குத் தன் முழுப் பலத்தையும் போட்டு அமர்த்தியிருக்கிறான்.

இறங்கி வந்து பொட்டலத்தைக் காமிலின் சாமான் மேசையில் வைத்தாள். புளித்த தேசிக்காய் மணம் பெற்றோல் மணத்தோடு கலந்தது.

"அத்தான் அமத்தினவர்தான்," என்றாள். "இது பெடலுக்குக் கீழ இருந்தது. நான் வச்சனான்."

காமில் எண்ணெய்த் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். அவருடைய தோள்கள் குலுங்கின. றொகானோ வெளிப்படையாகவே சிரித்தான்.

சிவரூபன் சிரிக்கவில்லை. பொட்டலத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுடைய பார்வையில் ஒன்று தோன்றி இறுகுவதை அவள் கண்டாள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். மூன்று நாட்களாக அவளுடைய கண்ணில் இருந்தது அதுதான்.

"வேணுமெண்டே வச்சனியோ? என்னை இருத்தி, கள்ளனாக்க?"

"என்ன அத்தான் இது? நீங்கள் செல்ஃப் அடிக்கப் போறியள் எண்டு எனக்கு முன்னமே தெரியுமோ?"

"பின்ன ஏன் ஒளிச்சு வச்சனி?"

"முன்னுக்குக் கட்டினா நீங்கள் அறுத்து எறிவியள் எண்டுதான்."

சிவரூபன் வெட்கமும் கோபமுமாக நின்றான். றொகான் நிலைமையை இலேசாக்க நினைத்தானோ, வாய் தவறியதோ, "சரி விடு சிவா. போன மாசம் நீ சொன்ன நேரமே நான் யோசிச்சனான், இது எனக்குக் கிடைக்கிற வான் இல்லை எண்டு," என்றான்.

"போன மாசமோ?" என்றாள் பிரேமிளா. "போன மாசம் வான் நல்லாத்தானே ஓடினது."

றொகான் பல்குச்சியை வாய்க்குள் வைத்துக்கொண்டு வேலிப் பக்கம் நடந்தான். சிவரூபன் கீழே பார்த்தான்.

"ஊர் கதைக்குது," என்றான் கடைசியில். "புருசன் வெளிநாட்டில, இவள் கண்ட கண்டவனை ஏத்திக்கொண்டு மடுவுக்கும் மன்னாருக்கும் திரியிறாள் எண்டு. கூட்டத்திலயும் கேக்கினம். எனக்குத்தான் முகம் குடுக்க ஏலாது. வான் இல்லாட்டி கதையும் இல்லை எண்டு நினைச்சனான். அது விக்கின நேரம்... ஆண்டவரே வழி விட்டிட்டார் எண்டு நினைச்சனான். ஆனா கேஜில நான் களவு செய்யேல்ல."

"இல்லை. கேஜில செய்யேல்ல," என்றாள் அவள்.

காமில் ஹெட்டைக் கழற்றி வால்வைத் தேய்த்து முடிக்கும்வரை பிள்ளைகள் ஓட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். வானை எடுக்கப் போன அன்று மூன்றாவதன் ஊசியும் மற்றவற்றோடு ஏறி நின்றதைக் காமில் அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். பாலத்தில் திரும்பி வரும்போது சோளகம் அப்படியேதான் அடித்தது. எஞ்சின் இடறவில்லை.

வளவுக்குள் வானை நிறுத்தியபோது சிவரூபன் படலையடியில் நின்றான். சட்டைப்பையில் இருந்து இரண்டாவது திறப்பை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"தம்பியிட்டச் சொல்லிப்போட்டன். இனி உன்னட்ட இருக்கட்டும்."

பிரேமிளா வாங்கினாள். நன்றி சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் கால்கள் வானின் கதவுக்குப் போய்விட்டன. திறப்பைக் கதவில் போட்டுத் திருப்பிப் பார்த்தாள். பூட்டு திறந்தது. மறுபடி பூட்டி, மறுபடி திறந்தாள். நிமிர்ந்தபோது அவன் இன்னும் அதே இடத்தில் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரியான திறப்புத்தானோ?"

"ஓம் அத்தான்," என்றாள். முகம் சுட்டது.

அன்று பின்னேரம் பெரியசாமிப் பூசாரி தந்த புதிய தேசிக்காயை வானின் முன்பக்கம், எல்லோருக்கும் தெரியவே தொங்கவிட்டாள். மறுநாள் காலை அது அங்கேயே தொங்கியது. அதற்கு அடுத்த நாளும் தொங்கியது. சிவரூபன் உழவு இயந்திரத்தோடு அதற்குப் பக்கத்தால் போனான், வந்தான், ஏறிட்டும் பார்க்கவில்லை.

ஏன் அறுக்கவில்லை?

பிள்ளைகள் ஏறிக் கதவைச் சாத்தியதும் பிரேமிளா குனிந்து பெடலுக்குக் கீழே கையை விட்டுத் துழாவிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. காலை வைத்துத் தரைமட்டும் ஒருமுறை அமர்த்திப் பார்த்தாள். பிறகுதான் திறப்பைத் திருப்பினாள்.